எந்தத் துணி, இசக்கி அண்ணே?

ஆசிரியர் வேலைக்கு வருகிற எவருக்கும் மூன்றே வாரத்தில் மாணவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். இது எல்லாப் பள்ளிக்கும் பொது. தனக்கு மட்டும் அப்படி எதுவும் இருக்காது என்று நம்புவது எல்லா ஆசிரியர்களுக்கும் பொது. இருபத்து நான்கு வயதில் நானும் நம்பினேன். பிள்ளைகள் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், எனக்குப் போய்ப் பட்டப்பெயர் வைப்பார்களா என்று. (சிரிக்க வேண்டாம். நீங்களும் ஒரு காலத்தில் இருபத்து நான்கு வயதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் தினமும் காலையில் நடைப்பயிற்சி போகிறார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது, அந்த இடத்தில் தற்காலிகமாக என்னைப் போட்டிருந்தார்கள். குழந்தை பிறந்தது. அவர் கணவருக்கு வெளியூருக்கு மாற்றலானது. இனி வரமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நாற்காலியில் என்னையே நிரந்தரமாக உட்காரவைப்பதா, வேறு ஆளைத் தேடுவதா என்பது பள்ளிச் செயலாளர் கையில் இருந்தது.

செயலாளர் டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ஒரு தோல்பை. பள்ளிக்கு அவர் வருவது வருஷத்துக்கு ஒரே நாள், ஆசிரியர் தினத்தன்று. வந்து எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பொன்னாடை போர்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஆகஸ்டு கடைசியில் தலைமையாசிரியர் சங்கரலிங்கம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"பகவதி டீச்சர், உங்க ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா இருக்கு. அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுப் பையிலேயே கொண்டு வாராக. விழா நல்லபடியா நடந்துச்சுன்னா மேடையிலேயே குடுத்துருவாக."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"விழாவ இந்த வருஷம் நீங்கதான் பாத்துக்கிடணும்."

சந்தோஷம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அது போய்விட்டது. புதிதாக வந்த ஆளின் தலையில் விழாவைக் கட்டுவது அந்தப் பள்ளியின் பழக்கம். முந்தின வருஷம் அப்படி மாட்டிக்கொண்ட டிரில் மாஸ்டர் இன்னமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் களைப்பை ஆற்றிக்கொண்டிருந்தார்.

விடுதிக்குப் போனதும் விக்கிரமசிங்கபுரத்தில் இருந்த அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். மேடையில் ஆர்டர் தரப்போகிறார்கள், நீங்கள் வரவேண்டாம் என்று. வரவேண்டாம் என்று எழுதினதற்குக் காரணம் உண்டு. அப்பா இருபத்தெட்டு வருஷம் பஞ்சாலையில் நூல் சுற்றி ஓடுகிற கதிர்களுக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பேசி, அவர் காதோடு காதாக ரகசியம் சொன்னாலும் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். பதில் கார்டு மூன்றாம் நாளே வந்தது. முதல் பஸ்ஸுக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாக.

இனி என் அபாரமான யோசனைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் 'செய்து கற்றல்' என்ற பேச்சாக இருந்தது. கரும்பலகையை மட்டும் நம்பாமல் பிள்ளைகளைக் கையால் செய்யவைத்துக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதனால் ஆசிரியர் தினத்தன்றே, அதுவரை ஒவ்வொரு வகுப்பும் செய்து கற்றதைக் காட்டவும் ஏற்பாடு. எட்டாம் வகுப்பு களிமண்ணில் தாமிரபரணி செய்திருந்தது, பொதிகையில் தொடங்கிக் கடல் வரைக்கும், நடுவில் அணைகளோடு. பத்தாம் வகுப்பு விதவிதமான வயல் மண்ணைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்திருந்தது. என் ஒன்பதாம் வகுப்பு அவரவர் வீட்டுப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து சோதித்திருந்தது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் வகுப்புத் தலைவி முப்பிடாதி கொண்டுவந்த தண்ணீரில் மட்டும் நல்லெண்ணெய் மிதந்தது. (பாட்டிலைக் கழுவவில்லை. அவளிடம் கேட்டதற்கு, "ஆறு அப்படித்தான் டீச்சர்" என்றாள்.)

இதெல்லாம் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஆர்டர் வாங்கப் போகிறவள் அல்லவா. ஆசிரியர்களைப் பாராட்டுவதையும் அறிவியலையும் ஒன்றாகச் சேர்த்து அண்ணாச்சியை அசத்திவிட வேண்டும்.

பினாப்தலீன் என்று ஒரு திரவம் ஆய்வகத்தில் உண்டு. அதைத் தொட்டு வெள்ளைத் துணியில் எழுதினால், காய்ந்தபிறகு எழுதினதே தெரியாது. அதன்மேல் சலவைச் சோடா கரைத்த தண்ணீரைத் தெளித்தால் எழுத்தெல்லாம் ரோஜா நிறத்தில் எழுந்து வரும். மேடையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டியது. அண்ணாச்சி தெளிப்பார். 'அன்புள்ள ஆசிரியர்களே, நன்றி' என்ற வாசகமும் அதன் கீழே எல்லா ஆசிரியர் பெயர்களும் தோன்றும். கூட்டம் கைதட்டும். அண்ணாச்சி உருகிப்போய்ப் பையைத் திறப்பார்.

தெளிக்க எதை எடுப்பது என்று ஒரு கேள்வி வந்தது. ஆய்வக உதவியாளர் இசக்கி அண்ணன், ஐம்பதைத் தாண்டினவர், வயலுக்கு மருந்தடிக்கிற பம்பைக் கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தகவல் அண்ணாச்சி காதுக்குப் போய், அவரே தன் கடையிலிருந்து புத்தம்புது பன்னீர்ச் செம்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்தச் செம்பு.

நான்கு கெஜம் காடாத் துணி வாங்கி அதை இரண்டாக வெட்டச் சொன்னேன். ஒன்று பழக, மற்றொன்று மேடைக்கு. இசக்கி அண்ணன் நியாயவான். நூல் பிடித்து அளந்து, ஒரு இழை கூடக் கூடுதல் குறைவு இல்லாமல் இரண்டையும் வெட்டினார். முந்தின நாள் மத்தியானம் பிள்ளைகளிடம் பழக்கத் துணியைக் கொடுத்து, "கை பழகுற வரைக்கும் எதையாவது எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். கை பழகினபிறகு முப்பிடாதியே மேடைத் துணியில் வாசகத்தையும் பெயர்களையும் எழுதிவைத்தாள். நான் திரும்பி வந்தபோது ஆய்வக மேசையில் இரண்டு துணிகள் கிடந்தன. இரண்டும் பால்போல வெளுப்பு.

"டீச்சர், ஓரத்துல ஒரு அடையாளம் போட்டுருவமா?" என்று இசக்கி அண்ணன் கேட்டார். காலையில் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கண்காட்சியைப் பார்த்து முடித்த அண்ணாச்சி, களிமண் தாமிரபரணியைச் சிலாகித்துக்கொண்டே மேடைக்கு வந்தார். கக்கத்தில் தோல்பை. அந்தப் பையின் வாயில் ஒரு பழுப்பு நிறக் கவர் நுனி தெரிந்தது. நான் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அப்பா புது வேட்டியில் இருந்தார். மேடையின் பின்பக்கம் மூங்கில் கம்பில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது, சுருக்கமே இல்லாமல்.

தலைமையாசிரியர் பேச எழுந்தபோது முப்பிடாதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு விஷயம் சொல்லுதேன். திட்டக்கூடாது."

"சொல்லு."

"பழகுத துணியில என்ன எழுதுனோம்னு நீங்க கேக்கவே இல்லையே."

"என்ன எழுதுனீங்க?"

"பேரு."

"யாரு பேரு?"

"எல்லா சார் பேரும். எல்லா டீச்சர் பேரும்."

"நல்லதுதானே?"

"அந்தப் பேரு இல்ல டீச்சர்." அவள் தரையைப் பார்த்தாள். "நாங்க கூப்பிடுத பேரு. எழுதுனா யாருக்கும் தெரியாதுல்லா, அதான்."

முதலில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது கால் தானாக இசக்கி அண்ணனிடம் போயிருந்தது. அவர் தூணோரமாக வெற்றிலை மென்றுகொண்டு, தான் கட்டிய துணியை ரசித்துக்கொண்டிருந்தார்.

"எந்தத் துணி, இசக்கி அண்ணே?"

"வெள்ளத் துணிதான் டீச்சர்."

"ரெண்டும் வெள்ளதான அண்ணே. மேடையில எதைக் கட்டினீங்க?"

"ரெண்டும் கசங்கிக் கெடந்துச்சு. சபையில நல்லாருக்காதுன்னு காலையில தேய்க்கக் குடுத்தேன். தேச்சு ஒண்ணு மேல ஒண்ணா மடிச்சுத் தந்தான். மேல இருந்ததக் கட்டிட்டேன். இன்னொண்ணு ஆய்வகத்துல இருக்கு." மென்றுகொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "ஏன் டீச்சர், தேப்பு சரியில்லையா?"

பாதிக்குப் பாதி வாய்ப்பு. மேடையில் தொங்குவது நல்ல துணியாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஆய்வகத்தில் கிடக்கிற துணியைச் சோதிப்பது. ஆனால் இருந்த சோடாவையெல்லாம் கரைத்துப் பன்னீர்ச் செம்பில் ஊற்றியாகிவிட்டது. செம்பு மேடையில், அண்ணாச்சியின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் இசக்கி அண்ணன் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பி கண்ணில் பட்டது. சுண்ணாம்பு போதும். சோடா செய்கிற வேலையை அதுவும் செய்யும். கேட்டு வாங்கக்கூட நேரம் இல்லாமல் டப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பின்னால், "டீச்சர் வெத்தல போட மாட்டாகளே" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது.

ஆய்வகம் மாடியில் கடைசி அறை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். ஏறும்போது ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் குரல் கேட்டது. அவர் பேச்சில் 'கடைசியாக ஒன்று' என்று வரும். அது வந்தபிறகும் அரை மணி நேரம் ஓடும், நடுவில் நான்கைந்து முறை திரும்பவும் வரும். மற்ற நாட்களில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்களுக்குத் தலைவலி. அன்றைக்கு நான், சாமி, அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டு ஓடினேன்.

மேசையில் துணி இருந்தது. விரல் நிறையச் சுண்ணாம்பை எடுத்து நடுவில் ஓர் இழுப்பு இழுத்தேன். ரோஜா நிறத்தில் எழுத்து எழுந்தது. 'புள்ள ஆசிரி'. இன்னோர் இழுப்பு. 'யர்களே, நன்'.

முப்பிடாதியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவ்வளவு அழகான எழுத்தைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு முறைதான். நல்ல துணி என் கையில் இருந்தது. மற்றது மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல துணியை நானே சுண்ணாம்பு பூசிக் கெடுத்தும் விட்டேன்.

கீழே திடீரென்று கைதட்டல். பணிக்காலத்தில் முதல் தடவையாகச் சங்கரலிங்கம் சார் பேச்சைச் சீக்கிரம் முடித்திருந்தார்.

நான் மூச்சிரைக்க மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது அண்ணாச்சி செம்போடு எழுந்து நின்றார். மேடை ஏறித் தலைமையாசிரியரின் காதில், "சார், இது வேண்டாம், நிறுத்திருங்க" என்றேன்.

"பைய, பைய. என்ன டீச்சர், கையெல்லாம் சுண்ணாம்பு?"

"அந்தத் தண்ணி பட்டாக் கை அரிக்கும் சார்."

இது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது. "அரிச்சா அரிக்கட்டும் டீச்சர். பிள்ளைகளுக்காக இது கூடச் செய்யலன்னா எப்படி?" என்று பெருந்தன்மையாகச் சொல்லித் துணியின் நடுவில் தெளித்தார்.

பன்னீர்ச் செம்பு ஒரேயடியாக நனைக்காது. பொட்டுப் பொட்டாக விழும். அதனால் எழுத்துகளும் தவணை முறையில் வந்தன. முதலில் வந்தது, 'வேப்பமர நிழல்'.

கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டியது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "பாருங்கள், நம் பிள்ளைகளின் கற்பனையை. ஆசிரியர் என்பவர் வேப்பமர நிழல் போன்றவராம். வெயிலில் வாடி வருகிற மாணவனுக்கு..."

டிரில் மாஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த தெளிப்பில் 'ரெண்டாம் தூக்கம்' வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ் எடுக்கும் ஐயா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமையாசிரியர் உவமையைத் தேடி ஒரு நொடி தடுமாறினார். அவருக்கு விளக்கம் கிடைப்பதற்குள் அண்ணாச்சி குஷியாகி மேலே தெளித்தார். பெரிய எழுத்தில், ஒரு கோடும் அடித்து, 'கடைசியா ஒண்ணு' வந்தது.

எங்கோ ஒரு தும்மல் மாதிரி சத்தம் வந்தது. பள்ளிக்கே சிம்ம சொப்பனமான கணக்கு டீச்சர் ராஜம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். 'இதுகூடத் தெரியாதா' என்று அவர் பெயர் எழுந்து வந்ததும் அந்த முந்தானை போதவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மாணவர்கள், பிறகு பெற்றோர்கள். அடுத்தவர் பெயர் எது என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் உடனே புரிந்தது. தன் பெயர் எது என்பது மட்டும் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நான் சிரிக்கவில்லை. தோல்பையின் வாயில் இருந்த பழுப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். விடுதியைக் காலி செய்வதும், பெட்டியோடு பஸ் ஏறுவதும், அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போடுவதும் வரிசையாக மனதில் ஓடின.

அண்ணாச்சி தெளிப்பதை நிறுத்திவிட்டார். சிரிக்கவும் இல்லை. துணிக்கு அருகில் போய், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கணக்குப் புத்தகம் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

"எல்லாருக்கும் பேரு வச்சிருக்கீக. எனக்கு ஏன் இல்ல?"

முன்வரிசையில் முப்பிடாதி எழுந்து நின்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. (ஆற்றுத் தண்ணீர் விஷயம் தவிர.) "நீங்க வருஷத்துக்கு ஒரு நாளுதான வாரீக அண்ணாச்சி. ஆளத் தெரிஞ்சாத்தான பேரு வைக்க முடியும்?"

தலைமையாசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது, பந்தியில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனவரின் முகம் அது. செம்பில் மிச்சமிருந்ததைத் துணியின் கீழ்க்கோடியில் உதறினார். கடைசியாக ஒரு பெயர் எழுந்தது.

"'அப்புறம் பாப்போம்'. இது யாரு?"

நான் சுற்றிலும் பார்த்தேன். ஆங்கில சாரா, ஓவிய சாரா என்று யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பின்வரிசையில் அப்பா அம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியம் ஒலிபெருக்கி இல்லாமலேயே மேடைக்கு வந்து சேர்ந்தது.

"நம்ம பகவதிதாம்ளா. வீட்லயும் எது சொன்னாலும் இதத்தான சொல்லுதா."

அப்போதுதான் உறைத்தது. வானம் ஏன் நீலம் என்று கேட்ட பையனிடம், மின்னலுக்குப் பிறகு ஏன் இடி என்று கேட்ட பெண்ணிடம், பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் நான் அதைத்தான் சொல்லியிருந்தேன். கரும்பலகைக்குச் சாயம் பூசவேண்டும் என்று இசக்கி அண்ணன் சொன்னபோதும் அதேதான். ஆறு மாதமாக ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லியிருக்கிறேன், என் காதிலேயே அது விழவில்லை. தனக்குப் பட்டப்பெயர் இல்லை என்று மிதப்பாக இருந்தவளுக்கு அப்பாவே சாட்சி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி தோல்பையை எடுத்தார். கவரை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கவரைத் திரும்பவும் உள்ளே வைத்துப் பையின் பட்டையை இழுத்து மாட்டினார்.

"டீச்சர் ஆர்டர் விஷயம்," என்றார். "அப்புறம் பாப்போம்."

மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்கு அங்கே சிரிக்காதவர்கள் நானும் அம்மாவும் மட்டும்தான். அரை மணி நேரத்தில் காற்றுப் பட்டு எழுத்தெல்லாம் மங்கித் துணி மறுபடி வெள்ளையாகிவிட்டது. அதனால் பெரிய பிரயோஜனம் ஒன்றும் இல்லை.

பஸ் நிலையத்தில் அப்பா என் தோளைத் தட்டி, "வெசனப்படாதளா. நான் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது" என்றார். நான்கு பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என் நிலை இரண்டுங்கெட்டான். என்னை வேலையை விட்டுப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றேன், மறுநாள் படித்துக்கொண்டு வந்து சொன்னேன். தலைமையாசிரியர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அவர் இறைவணக்கக் கூட்டத்தில் 'கடைசியாக' என்று தொடங்கி, அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பாதியில் இறங்கினார். பள்ளியே எனக்கு அதற்காக நன்றி சொன்னது, ரகசியமாக.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பள்ளிக்கு வந்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஆய்வகத்தில் பிள்ளைகளோடு நின்று அமிலத்தையும் காரத்தையும் கலந்து பார்த்தார். போகும்போது முப்பிடாதியிடம் ஒரு கேள்வி கேட்பார். "வச்சாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி. யோசிக்கோம்."

பாத்திரக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலோகத்தில் செய்த எதைக் கண்டாலும் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி நாதம் பார்ப்பார்கள். அண்ணாச்சி பள்ளி மணியைத் தட்டினார். பரிசுக் கோப்பைகளைத் தட்டினார். ஆய்வகத்து இரும்புத் தாங்கியைத் தட்டினார், டிரில் மாஸ்டரின் சைக்கிள் மணிமூடியையும் விடவில்லை. கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் வழி மறித்து முப்பிடாதி சொன்னாள்.

"அண்ணாச்சி, வச்சாச்சு."

"என்னது?"

"டங்."

அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வாசல் கதவை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு நிறைவான முகத்தை நான் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. அன்று கடைக்குப் போனவுடன் தோல்பையிலிருந்த இரண்டு கவர்களை எடுத்து அனுப்பிவிட்டாராம். ஒன்று எனக்கு. மற்றது இதே நிர்வாகத்தின் டவுன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக எடுக்கப்பட்டிருந்த ஒருவருக்கு.

அன்று மத்தியானமே நான் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நடுநிலையாக்கல் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். கண்ணை எடுக்க முடியாது. பின்னால் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. அவரே மாடி ஏறி வந்திருந்தார்.

"டீச்சர், ஒரு கவர்."

"அங்கன வச்சிருங்க சார், அப்புறம் பாப்போம்."

மூன்று மாதமாகக் கடித்துவைத்திருந்த நாக்கு. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் சொட்டு தவறி விழுந்தது. அவர்கள் சிரிப்பது சொட்டுக்காக என்று நினைத்து நான் அடுத்த முறை கவனமாகச் செய்துகாட்டினேன். தலைமையாசிரியர் கவரைப் பதிவேடுகளுக்கு மேலே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டார். ஏதோ சுற்றறிக்கை என்று நினைத்து, அதன்மேல் இன்னும் நாற்பது நோட்டுகளை அடுக்கினேன்.

திங்கட்கிழமை மாலையில்தான் அதைப் பிரித்தேன். உடனே பணியில் சேரவும் என்றிருந்தது. தலைதெறிக்க ஓடினேன். "மூணு நாளா மேசையிலேயே கிடந்ததே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றேன். "அப்புறம் பாப்போம்னீகளே" என்றார். நேரம் கடந்துவிட்டதால் மறுநாள் காலைதான் கையெழுத்துப் போட முடிந்தது.

டவுன் பள்ளிக் கணக்கு வாத்தியார் கவர் கைக்கு வந்த மறு நொடியே பிரித்துப் பார்க்கிற ரகம். அவர் திங்கட்கிழமை காலை முதல் மணி அடிக்கும்போதே சேர்ந்துவிட்டார். இரண்டு பள்ளிக்கும் ஒரே சீனியாரிட்டி பட்டியல். நான் அவருக்கு ஒரு நாள் ஜூனியர். அடுத்த வருஷம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, அவருக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க சேர்ந்தது எந்தத் தேதி?"

அன்றிலிருந்து என் வீட்டில் எந்த விவாதமும் அந்த ஒரு நாளில்தான் போய் முடியும். குழம்புக்கு உப்பு, மகளுக்குப் பெயர், எந்தச் சுவருக்கு எந்த வர்ணம், எதுவானாலும் சரி. "நான் ஒரு நாள் சீனியர்" என்பார். மகள் பேசக் கற்றதும் அவளும் அப்பாவைச் சீனியர் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். பட்டியல்படி தலைமையாசிரியர் பதவி வந்தபோது, அந்த ஒரு நாளால் அது அவருக்குப் போனது. அதுவும் என் பள்ளிக்கே.

இப்போது எனக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டுமானால், காலையில் நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கிற மனிதரின் அறைக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா சார் என்று கேட்டுப் போய், விடுப்புக் கடிதத்தை நீட்ட வேண்டும். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

"அங்கன வச்சிட்டுப் போங்க டீச்சர்," என்பார். "அப்புறம் பாப்போம்."